சிட்னியில் ஜூனியர் ரக்பி லீக் கிளப்புக்கு ஜெர்சி அடிக்கப் போகிறீர்களா?

இரண்டு சீசனுக்கு முன்னால் எங்கள் கிளப்பின் ஒன்பது வயதுக்குட்பட்டோர் அணி முதல் மூன்று ஆட்டங்களைக் கடன் வாங்கிய ஜெர்சியில் ஆடியது. நெஞ்சில் பக்கத்துக் கிளப்பின் பறவை. எங்கள் சொந்த ஜெர்சி அப்போது கப்பலில் வந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெற்றோர் எடுத்துக்கொண்டார்கள். காரணம் நான்தான் என்பதால் அந்த மூன்று சனிக்கிழமைகளும் மைதானக் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்றேன்.

நான் ஈரோட்டுக்காரன். பெண்டில் ஹில்லுக்குக் குடிவரும்வரை எனக்குத் தெரிந்த விளையாட்டு கிரிக்கெட் ஒன்றுதான். மகன் பள்ளி நண்பர்களோடு ரக்பி லீக்கில் சேர்ந்தான். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஜெர்சிப் பொறுப்பு யாருக்கு என்ற கேள்வி வந்தபோது நான் டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். திரும்பி வருவதற்குள் என் பெயரை எழுதிவிட்டார்கள். டூங்காபி, வென்ட்வொர்த்வில் பக்கம் உங்களில் யாருக்காவது இதே கதி வந்தால் நான் பட்ட பாடு நீங்கள் பட வேண்டாம். கீழே உள்ள வரிசையிலேயே செய்யுங்கள். படம் வரைவது நான்காவதாகத்தான் வரும், அவசரப்பட வேண்டாம்.

ஒன்று மட்டும் முதலிலேயே. ரக்பியில் லீக், யூனியன் என்று இரண்டு வகை. இது லீக், 15 பேர் ஆடும் யூனியன் இல்லை. அணிக்கு 13 பேர். சப்ளையரிடம் வெறுமனே "ரக்பி ஜெர்சி" என்றால் 15 பேர் கணக்கில் எண் போட்டுக் கோட்டேஷன் அனுப்புவார்கள்.

1. அக்டோபரில் தொடங்குங்கள்

ஜூனியர் சீசன் ஏப்ரல் வாக்கில் ஆரம்பிக்கும். பிப்ரவரியில் பதிவு முடியட்டும், எத்தனை பேர் என்று தெரிந்ததும் ஆர்டர் போடலாம் என்றுதான் எல்லாருக்கும் தோன்றும். நானும் அப்படித்தான் காத்திருந்தேன். கடன் ஜெர்சியில் போய் நின்றது அதனால்தான்.

சிட்னியில் அலுவலகம் வைத்திருக்கும் சப்ளையர்களில் பலர் சீனாவில்தான் தைக்கிறார்கள். சீனப் புத்தாண்டுக்கு ஆலைகள் மூடிவிடும். 2026-ல் அது பிப்ரவரி 17, 2027-ல் பிப்ரவரி 6. விடுமுறை என்னவோ ஒரு வாரம்தான். ஆனால் ஊருக்குப் போன தையல்காரர்கள் திரும்பி, தேங்கிய ஆர்டர்கள் கரைந்து, உங்கள் முறை வர ஒரு மாதம் ஆகிவிடும். அதற்கு முன்னால் கிறிஸ்துமஸ் முதல் ஜனவரி நடுவரை சிட்னி அலுவலகத்திலும் போன் எடுக்க ஆள் இருக்காது.

நான் இப்போது வைத்திருக்கும் கணக்கு இது:

- அக்டோபர்: கமிட்டி ஒப்புதல், மூன்று கோட்டேஷன்
- நவம்பர் முதல் பாதி: வடிவம் முடிவு, ஸ்பான்சர் லோகோக்கள் கைக்கு வருவது
- நவம்பர் இறுதி: கையில் பிடித்துப் பார்க்க ஒரு சாம்பிள்
- டிசம்பர் முதல் வாரம்: அட்வான்ஸ், ஆர்டர்
- ஜனவரி இறுதி: ஆலையிலிருந்து சரக்கு கிளம்புவது, அதாவது சீனப் புத்தாண்டுக்கு முன்
- மார்ச் முதல் வாரம்: பெட்டி உங்கள் வீட்டுக் கராஜில்

டிசம்பரில் ஆள் எண்ணிக்கை எப்படித் தெரியும்? தெரியாதுதான். பதிவு நடக்கும் மைசைட்லைன் தளத்திலிருந்து கிளப் செயலாளரால் போன வருடப் பட்டியலை எடுக்க முடியும். ஒவ்வொரு பிள்ளையையும் ஒரு வயதும் ஒரு சைஸும் ஏற்றுங்கள். மேலே பத்து சதவீதம் உபரி. பிறகு வந்து சேரும் பிள்ளைகளுக்குச் சின்னதாக இரண்டாவது ஆர்டர். அதற்கு ஒரு பீஸ் விலை கூடும், பரவாயில்லை.

2. யாரிடம் என்ன கேட்க வேண்டும்

உங்கள் கிளப் எந்த மாவட்ட ஜூனியர் லீக்கில் ஆடுகிறதோ, அதன் செயலாளருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். போனில் கேட்டால் போதாது, பதில் எழுத்தில் வேண்டும். கேட்க வேண்டியவை நான்கு.

ஆட்ட உடையை உரிமம் பெற்ற சப்ளையரிடம்தான் வாங்க வேண்டுமா, அப்படியானால் அந்தப் பட்டியல் எங்கே? உங்களுக்குப் பதிவாகியுள்ள நிறங்கள் எவை, மாற்றினால் யார் சம்மதிக்க வேண்டும்? எண்ணின் உயரத்துக்கும் ஸ்பான்சர் லோகோ இருக்கும் இடத்துக்கும் விதி உண்டா? பிள்ளைகள் ஜெர்சியில் மது, சூதாட்டம் தொடர்பான பெயர்கள் வரலாமா?

கடைசிக் கேள்வியை அலட்சியமாக விடாதீர்கள். உள்ளூர் பப்பும், போக்கர் மெஷின் வைத்திருக்கும் கிளப்பும்தான் முதலில் செக்கோடு வரும். பணத்தை வாங்கி, லோகோவை அச்சடித்த பிறகு பிள்ளைகள் ஜெர்சியில் கூடாது என்று பதில் வந்தால் 150 ஜெர்சியில் துணி ஒட்டி மறைக்க வேண்டியதுதான்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பாரமட்டா பக்கம் உள்ளூர்ப் பெரிய அணியான ஈல்ஸின் நீலமும் மஞ்சளும் எங்கே பார்த்தாலும் இருக்கும். எதிரணியும் நீலமாக வந்து மோதும் நாள் நிச்சயம் வரும். மாற்று ஜெர்சி எடுக்கப் பணம் இல்லையென்றால் ஒரு செட் வெள்ளை மேல்சட்டையாவது எடுத்து வையுங்கள். சரி, நிறத்தையே மாற்றிவிடலாமே என்று மட்டும் நினைக்காதீர்கள். செயின்ட் ஜார்ஜ் அணி ஆட்களிடம் ஜெர்சி நெஞ்சிலுள்ள சிவப்பு 'வி'யை எடுத்துவிடலாமா என்றோ, சவுத் சிட்னி அணி ஆட்களிடம் சிவப்பு பச்சையைக் கொஞ்சம் மாற்றலாமா என்றோ கேட்டுப் பாருங்கள், தெரியும். எங்கள் கிளப்பில் பட்டையின் அகலத்தை இரண்டு சென்டிமீட்டர் குறைத்ததற்கே எழுபது வயது ஆயுள் உறுப்பினர் ஒருவர் கூட்டத்தில் எழுந்து நின்றார். உட்கார வைக்க அரை மணி நேரம் ஆனது.

கமிட்டி முடிவு எதுவானாலும் கூட்டக் குறிப்பில் ஏற வேண்டும். பதிவு பெற்ற சங்கமாக இருந்தால் ஒப்பந்தத்தில் கிளப்பின் பெயரும், பெயருக்குப் பின்னால் வரும் 'இன்க்' என்ற சொல்லும் இருக்கிறதா என்று பாருங்கள். சப்ளையர் அனுப்பிய தாளில் உங்கள் சொந்தப் பெயர் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். பாக்கிப் பணத்துக்கு உங்கள் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள்.

3. லோகோ யாருடையது?

நான் அதிகம் அடிபட்டது இங்கேதான்.

கிளப் லோகோவை அனுப்புங்கள் என்று சப்ளையர் கேட்டார். கிளப்பில் இருந்தது ஃபேஸ்புக்கிலிருந்து எடுத்த ஒரு மங்கலான படம். மூலக் கோப்பு யாரிடம்? பல வருடங்களுக்கு முன் ஒரு வீரனின் மாமா வரைந்தது என்றார்கள். அவர் குயின்ஸ்லாந்துக்குப் போய்விட்டார். தேடிப் பிடித்துப் பேசினால் அவர் சொன்னது: "லோகோவுல இருக்கற அந்தத் தலையை நான் வரையல. ஒரு அமெரிக்க கால்பந்து அணியோடதை எடுத்து நிறத்தை மாத்தினேன்."

இப்படிப்பட்ட லோகோக்கள் இங்கே நிறைய. மைதானத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் குல்லாவிலும் ஹூடியிலும் அதை அச்சடித்து விற்கத் தொடங்கினால் வக்கீல் கடிதம் வர வாய்ப்பு உண்டு. நாங்கள் லோகோவையே மாற்றினோம். நீங்கள் முதலிலேயே பார்க்க வேண்டியவை இவை.

பதிப்புரிமை. ஆஸ்திரேலியாவில் பதிப்புரிமைக்குப் பதிவு கிடையாது. வரைந்த நொடியிலேயே வரைந்தவருக்குச் சொந்தம். நீங்கள் காசு கொடுத்து வெளியாளிடம் லோகோ வரையச் சொன்னாலும், வேறு மாதிரி எழுதிக்கொள்ளாதவரை உரிமை அவரிடமே இருக்கும். கிளப்புக்கு அதைப் பயன்படுத்தும் அனுமதி மட்டும்தான். இலவசமாக வரைந்து கொடுத்த உறுப்பினருக்கும் இதே கதைதான். ஆகவே ஒரு பக்கத்தில் உரிமை மாற்றுத் தாள் தயார் செய்து, லோகோவின் படத்தையும் அதிலேயே ஒட்டி, வரைந்தவரிடம் கையெழுத்து வாங்குங்கள். வாய்வார்த்தை செல்லாது. சட்டப்படி எழுத்தும் கையெழுத்தும் வேண்டும். நட்பில் செய்தவரிடம் எப்படிக் கேட்பது என்று கூச்சமாக இருக்கும். நாலு வருடம் கழித்து அவர் கமிட்டியோடு சண்டை போட்டுக்கொண்டு போன பிறகு கேட்பதைவிட இந்தக் கூச்சம் மேல்.

செயற்கை நுண்ணறிவில் ஒரு சிங்கமோ கழுகோ செய்துவிடலாமே என்று இப்போதெல்லாம் கூட்டத்துக்கு ஒருவர் சொல்கிறார். இங்கே பதிப்புரிமைக்கு மனிதர் ஒருவரின் படைப்பாக இருக்க வேண்டும். இயந்திரம் தந்த படத்தை அப்படியே போட்டால், நாளைக்கு வேறொருவன் அதே கழுகைப் பனியனில் அடித்து விற்கும்போது தடுக்க உங்களிடம் எதுவும் இருக்காது. யோசனைக்கு வேண்டுமானால் வைத்துக்கொண்டு, ஒரு ஆளை வைத்து வரையுங்கள். நாங்கள் ஒரு வரைகலை மாணவிக்கு 400 டாலர் கொடுத்தோம். கிளப்பின் பணம் உருப்படியாகச் செலவானது அதில்தான்.

வணிகக் குறி. வணிகக் குறிகளைப் பதியும் அரசு அலுவலகமான ஐபி ஆஸ்திரேலியாவின் தளத்தில் வணிகக் குறிகளை இலவசமாகத் தேடலாம். உங்கள் பெயரையும், உங்கள் விலங்கையும் போட்டுத் தேடுங்கள். உடைகள் 25-ஆம் வகுப்பு, விளையாட்டுச் சேவை 41-ஆம் வகுப்பு. அந்த இரண்டிலும் இடிக்கிற பெயர் இருக்கிறதா என்று பார்த்தாலே பாதிக் கவலை தீரும்.

பதிவு செய்ய வேண்டுமா? பொருள் விற்காத சிறிய கிளப்புக்கு அவசரம் இல்லை என்பது என் கருத்து. விற்கப் போகிறீர்கள் என்றால் 25-ஆம் வகுப்பில் மட்டும் செய்யலாம். தளத்தில் இருக்கும் ஆயத்தப் பட்டியலிலிருந்து பொருட்களைத் தேர்ந்தெடுத்தால், நான் பார்த்தபோது, வகுப்புக்கு 250 டாலர். சொந்தமாக விவரம் எழுதினால் கூடுதல். விண்ணப்பத்தை ஆராய மூன்று நான்கு மாதம். ஏற்றுக்கொண்டு விளம்பரப்படுத்திய பின் யாரும் ஆட்சேபிக்க இரண்டு மாதம். எப்படிப் பார்த்தாலும் ஏழரை மாதத்துக்கு முன் பதிவு கைக்கு வராது. வந்தால் பத்து வருடம் நிற்கும்.

ஒரு எச்சரிக்கை. வட்டத்துக்குள் 'ஆர்' போட்ட குறியைப் பதிவு முடியும்முன் போடாதீர்கள். பதிவாகாததைப் பதிவானது போலக் காட்டுவது இங்கே குற்றம். 'டிஎம்' என்று சின்னதாகப் போடலாம், அதற்குப் பதிவு தேவையில்லை. என்னைக் கேட்டால் ஜூனியர் ஜெர்சியில் இரண்டுமே வேண்டாம், பார்க்க நன்றாக இல்லை.

கோப்பு. வரைந்தவரிடமிருந்து வெக்டர் கோப்பு வாங்குங்கள். அதாவது எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத வகை: இல்லஸ்ட்ரேட்டர் மென்பொருளின் ஏஐ, இபிஎஸ், எஸ்விஜி, இல்லையென்றால் வெக்டராகவே சேமித்த பிடிஎஃப். எழுத்துகளைக் கோடுகளாக மாற்றித் தரச் சொல்லுங்கள். மாற்றாவிட்டால் ஆலையின் கணினியில் அந்த எழுத்துரு இல்லாமல் வேறு எழுத்தில் அச்சாகி வரும். முழு வண்ணம், ஒற்றை வண்ணம், கறுப்புப் பின்னணிக்கான வெள்ளை என மூன்று வடிவம் வேண்டும்.

கணினித் திரையில் பெரிதாகப் பார்த்து ரசிக்காதீர்கள். ஏழு சென்டிமீட்டர் அகலத்தில் தாளில் அச்சடித்து, சுவரில் ஒட்டி, பத்து அடி தள்ளி நின்று பாருங்கள். எங்கள் முதல் வரைவில் கழுகுக்கு முப்பது இறகு இருந்தது. தூரத்தில் அது ஒரு கரப்பான்பூச்சி.

4. இப்போது ஜெர்சி

இன்று ஆட்ட ஜெர்சி என்றால் சப்ளிமேஷன்தான். வடிவத்தைத் தாளில் அச்சடித்து, வெட்டிய வெள்ளை பாலியெஸ்டர் துணியின் மேல் வைத்து, ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸில் அழுத்தினால் மை ஆவியாகி நூலுக்குள் இறங்கும். அதன்பிறகு தைப்பார்கள். மை உரியாது, வெடிக்காது. பருத்தியில் இது பிடிக்காது. இந்த முறையில் வெள்ளை என்பது அச்சிடாமல் விட்ட இடம். எத்தனை நிறம் சேர்த்தாலும் விலை ஏறாது. அதனாலேயே அளவுக்கு மீறி நிறம் சேர்த்துவிடுவோம், கவனம்.

துணி 220 ஜிஎஸ்எம்முக்கு, அதாவது சதுர மீட்டருக்கு 220 கிராமுக்குக் குறையாமல் கேளுங்கள். கால்பந்து ஜெர்சித் துணியைக் காட்டி, இது லேசானது, காற்று போகும் என்பார்கள். லீக்கில் ஒவ்வொரு டேக்கிளிலும் யாரோ ஒருவர் சட்டையைப் பிடித்து இழுப்பார். லேசான துணி மே மாதத்தில் கிழியும். கழுத்திலும் தோளிலும் இரட்டைத் தையல் இருக்கட்டும். கிளப் சின்னத்தை எம்ப்ராய்டரியாகப் போட்டால் அழகுதான், ஆனால் உள்பக்கம் நெஞ்சை உராயும். ஆட்ட ஜெர்சிக்கு அச்சு, போலோ சட்டைக்கு எம்ப்ராய்டரி என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

நிறத்தைப் பெயரால் சொல்லாதீர்கள். இங்கே ரக்பி லீக்கில் 'கோல்ட்' என்றால் பளிச்சென்ற மஞ்சள். எங்களுக்கு வந்த முதல் சாம்பிளில் 'கோல்ட்' கடுகு நிறத்தில் இருந்தது. தப்பு அவர்களுடையது என்று சொல்ல முடியாது, நாங்கள் எழுதியது அந்தச் சொல்லைத்தான். பான்டோன் எண் கொடுங்கள், அதாவது அச்சுத் தொழிலில் ஒவ்வொரு நிறத்துக்கும் உள்ள எண். திரையில் தெரியும் பளபளப்பான நீலமும் பச்சையும் துணியில் மங்கும் என்பதால் நிறத்துக்குச் சின்னத் துணித் துண்டு ஒன்று கேட்டு வாங்குங்கள். அடர்கறுப்பு எடுப்பவர்கள் அந்தத் துண்டை இழுத்துப் பாருங்கள். இழுபடும் துணியில் உள்ளிருக்கும் வெள்ளை பல்லிளிக்கும்.

அப்புறம் பட்டைகளும் 'வி'யும். இரண்டும் லீக்கின் பழைய வடிவங்கள், இரண்டிலும் வில்லங்கம் உண்டு. குறுக்குப் பட்டை போட்டால் முன்பக்கப் பட்டையும் பின்பக்கப் பட்டையும் விலாத் தையலில் சேர வேண்டும். சேராவிட்டால் சட்டை கோணலாகத் தெரியும். 'வி' போட்டால் அதன் முனை நெஞ்செலும்பு முடியும் இடத்தில் வர வேண்டும். பெரியவர் சைஸில் வரைந்ததைச் சின்னச் சட்டையில் அப்படியே வைத்தால் முனை அரைக்கால் சட்டைக்குள் போய்விடும். எனவே சைஸ் 6, சைஸ் 14, 3எக்ஸ்எல் என மூன்றுக்கும் தனித்தனிப் படம் கேளுங்கள். ஒரே படத்தைக் காட்டி மற்றதெல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று சொல்பவரிடம் ஆர்டர் போடாதீர்கள்.

ஸ்பான்சர் லோகோக்களுக்கு இடம் முதலிலேயே ஒதுக்குங்கள்: நெஞ்சு, கை, முதுகில் எண்ணுக்கு மேல், எண்ணுக்குக் கீழ். ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு விலை. லோகோ வெக்டர் கோப்பாக வர வேண்டிய கடைசி நாளையும் ஸ்பான்சர் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். செங்கல் கடைக்காரர் தன் விசிட்டிங் கார்டை போட்டோ எடுத்து அனுப்புவார். அதை வைத்து எதுவும் செய்ய முடியாது.

5. எண்கள்

லீக்கில் எண் என்பது ஆடும் இடம். 1 ஃபுல்பேக். 2, 5 விங்கர். 3, 4 சென்டர். 6 ஃபைவ் எய்த். 7 ஹாஃப்பேக். 8, 10 ப்ராப். 9 ஹுக்கர். 11, 12 செகண்ட் ரோ. 13 லாக். 14-லிருந்து மாற்று வீரர்கள். இங்கிலாந்தின் சூப்பர் லீக்கில் வீரருக்கு வருடம் முழுக்க ஒரே எண். இங்கே உச்சப் போட்டியான என்ஆர்எல்லில் அந்த வாரம் எங்கே ஆடுகிறாரோ அந்த எண்.

இது சைஸ் கணக்கைத் தொடும். பெரியவர் அணிக்குச் செட் எடுக்கும்போது 8-ம் 10-ம் பெரிய சைஸ், 7-ம் 9-ம் சின்ன சைஸ் என்று போட்டால் ஓரளவு பொருந்தும். எல்லா எண்ணையும் 'எல்' சைஸில் எடுத்தால் ப்ராப் மூச்சு முட்டுவார். சின்னப் பிள்ளைகள் வாரா வாரம் இடம் மாறுவார்கள், சின்ன வயதில் ஆட்டக்காரர் எண்ணிக்கையும் குறைவு. அங்கே சைஸ் வரிசையில் எண்ணைக் கொடுத்துவிடுவதே நிம்மதி. ஆனால் சப்ளையரின் வயதுப் பட்டியலை நம்பாதீர்கள். மேற்கு சிட்னியில் பன்னிரண்டு வயதுப் பையனுக்குப் பெரியவர் 'எக்ஸ்எல்' தேவைப்படுவது சாதாரணம். சாம்பிள் சைஸ் செட் ஒன்றை வாங்கி, ஆர்டர் போடும்முன் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

எண்ணின் உயரம் பெரியவர் ஜெர்சிக்கு நாங்கள் 22 சென்டிமீட்டர் வைத்தோம். மஞ்சள் பட்டையின் மேல் வெள்ளை எண் என்ற தவற்றை ஒருமுறை செய்தோம். ஸ்கோர் எழுதிய அம்மா இன்றும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

6. பணம்

எங்களுக்கு 150 ஜெர்சி, ஒன்று 42 டாலர், ஜிஎஸ்டி சேர்த்து, மொத்தம் 6,300. அட்வான்ஸ் பாதி, சரக்கு கிளம்பும்முன் மீதி. கோட்டேஷனில் கேட்க வேண்டியவை: வடிவமைப்புக் கட்டணம் தனியா? சாம்பிள் விலை கழிக்கப்படுமா? எத்தனை திருத்தம் இலவசம்? குறைந்தபட்ச எண்ணிக்கை எவ்வளவு, கூடுதல் ஆர்டரிலும் அதே நிபந்தனையா? விமானமா, கப்பலா? தாமதமானால் என்ன கழிவு? கடைசிக் கேள்விக்கு யாரும் நேராகப் பதில் சொல்வதில்லை, ஆனாலும் கேளுங்கள். சொல்லும் தேதி எவ்வளவு உறுதி என்பது குரலில் தெரிந்துவிடும்.

இடையில் ஆள் வேண்டாம், நேரே ஆலையில் வாங்கினால் மலிவு என்று தோன்றும். மலிவுதான், ஆனால் கணக்கை முழுதாகப் போடுங்கள். 1,000 டாலருக்கு மேற்பட்ட சரக்குக்கு முறையான இறக்குமதி அறிவிப்பு வேண்டும், கஸ்டம்ஸ் புரோக்கர் கூலி தனி. உடைகளுக்கு சாதாரண வரி 5 சதவீதம். 4,000 டாலர் சரக்கு, 600 டாலர் போக்குவரத்தும் காப்பீடும் என்றால் வரி 200, பிறகு மொத்தம் 4,800-க்குப் பத்து சதவீத ஜிஎஸ்டி 480. லாபநோக்கில்லாத சங்கம் வருடம் 1,50,000 டாலருக்குக் கீழ் வரவு வைத்தால் ஜிஎஸ்டிப் பதிவு கட்டாயமில்லை. பதிவில்லாத கிளப்புக்கு அந்த 480 திரும்ப வராது.

வரியைத் தவிர்க்க வழி உண்டு. சீனச் சரக்குக்கும், 2022 டிசம்பர் 29 முதல் அமலில் உள்ள ஒப்பந்தத்தின்படி இந்திய உடைகளுக்கும், அந்த நாட்டில் உருவானதற்கான சான்றிதழ் இருந்தால் 5 சதவீதம் இல்லை. சான்றிதழை எடுக்க வேண்டியது அனுப்புபவர். சரக்கு கிளம்பிய பிறகு ஞாபகம் வந்தால் ஓட்டம்தான்.

எங்கள் ஊர்ப்பக்கம் என்பதால் நான் திருப்பூரில் விசாரிக்காமல் இருப்பேனா? ரசிகர்களுக்கான பருத்தி டி-ஷர்ட்டுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் பெரிய பனியன் கம்பெனிகள் நம் நூறு பீஸைத் திரும்பிக்கூடப் பார்க்காது. சின்ன யூனிட் ஒன்று ஒரு நிறத்துக்கு நூறு பீஸுக்கு ஒத்துக்கொண்டது, தரம் அருமை. ஒரு விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதையாக இருந்தேன். சொந்தக்காரர் கம்பெனி வழியாகப் போகவில்லை. போவதானால் கூட்டத்தில் உறவைச் சொல்லி, குறிப்பில் ஏற்றி, வாக்கெடுப்பின்போது வெளியே போய் நில்லுங்கள். இல்லையென்றால் இரண்டு டாலர் மிச்சப்படுத்திக் கொடுத்ததற்குத் திருடன் பட்டம் கிடைக்கும்.

7. சிறப்புச் சுற்று ஜெர்சிகள்

பூர்வகுடி மக்களைப் போற்றும் ஆட்டச் சுற்றுக்கு ஜெர்சி செய்வதானால் பூர்வகுடிக் கலைஞர் ஒருவரை அமர்த்தி, அவருக்குப் பணம் கொடுத்து, அவருடைய கதையை அவர் சொற்களிலேயே போடுங்கள். இணையத்தில் கிடைத்த புள்ளி ஓவியத்தை எடுத்துப் பரப்பாதீர்கள். அபோரிஜினல் கொடியைப் போட முன்பு அனுமதி தேவைப்பட்டது. உடைகளில் அதைப் பயன்படுத்தும் உரிமை ஒரு தனியார் நிறுவனத்திடம் இருந்தது. 2022 ஜனவரியில் ஆஸ்திரேலிய அரசு கொடியை வடிவமைத்த ஹரால்ட் தாமஸிடமிருந்து பதிப்புரிமையை வாங்கியது. இப்போது மரியாதையாக யாரும் பயன்படுத்தலாம். கொடிக்கு மேல் எழுத்தையோ ஸ்பான்சரையோ ஏற்றாதீர்கள்.

போர்வீரர்களை நினைவுகூரும் ஆன்சாக் நாளான ஏப்ரல் 25-ஐ ஒட்டிய ஆட்டத்துக்கு ஜெர்சி செய்பவர்களுக்குத் தெரியாத ஒன்று: 'ஆன்சாக்' என்ற சொல்லே சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது. அதை அச்சடித்து விற்க, முன்னாள் படைவீரர் நலத்துறை வழியாக அமைச்சரின் அனுமதி வேண்டும். சீக்கிரம் எழுதிக் கேளுங்கள், இல்லையென்றால் பாப்பி மலரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

8. ரசிகர் பொருட்கள்

எங்கள் கிளப் அறையில் இன்னும் 61 மக் இருக்கிறது. நான் வருவதற்கு முன் யாரோ ஒருவர், மலிவாகக் கிடைக்கிறது என்று நூறு எடுத்தாராம்.

பொருளை வாங்கி அடுக்கி வைக்காதீர்கள். இரண்டு வாரம் முன்பதிவு திறந்து, பணத்தை முதலில் வாங்கி, வந்த எண்ணிக்கைக்கு மட்டும் ஆர்டர் போடுங்கள். ஹூடிக்கும் குல்லாவுக்கும் மார்ச்சில் திறக்க வேண்டும். ஜூன் குளிரில் திறந்தால் ஆகஸ்டில் பொருள் வரும், சீசன் முடிந்திருக்கும். எங்களிடம் விற்பது நாலே நாலு: ஹூடி, குல்லா, ஆட்ட சாக்ஸ், பயிற்சி டி-ஷர்ட். சாக்ஸ் கையிருப்பு எப்போதும் வேண்டும், ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு பிள்ளை மறந்துவிட்டு வரும்.

விலை: அடக்கவிலை, போக்குவரத்து, கார்டு கட்டணம் எல்லாம் கூட்டி அதன் மேல் பத்துப் பதினைந்து டாலர். என்ஆர்எல் அணி ஜெர்சி ஒன்று பெரியவருக்கு 160 டாலருக்கு மேல் போகிறது என்பதால் கிளப் ஹூடிக்கு 60 கேட்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை. என்ஆர்எல் சின்னத்தையோ, உள்ளூர்ப் பெரிய அணியின் சின்னத்தையோ உங்கள் பொருளில் சேர்க்காதீர்கள், ஒரே நிறம், ஒரே ஊர் என்றாலும்.

துவைக்கும் முறை எழுதிய லேபிள் உடைகளில் கட்டாயம். எந்த நாட்டில் செய்தது என்பதும் இருக்க வேண்டும். மின்னும் பேட்ஜ், விளக்கு எரியும் சாவிக்கொத்து போன்றவற்றை விட்டுவிடுங்கள். உள்ளே பட்டன் பேட்டரி இருந்தால் 2022 ஜூன் 22 முதல் கண்டிப்பான பாதுகாப்பு விதி உண்டு, அதற்குச் சோதனைச் சான்று காட்டும் வேலை நமக்கு வேண்டாம். பிள்ளைகளின் ஹூடி முதுகில் அவர்கள் பெயரைப் போடுவதும் எனக்குப் பிடிக்காது. முன்பின் தெரியாதவர் கடைத்தெருவில் பெயர் சொல்லிக் கூப்பிட அது வழி செய்யும்.

9. பெட்டி வந்ததும்

அன்றே திறங்கள். தரையில் 1 முதல் வரிசையாக விரித்து எண்ணுங்கள். எங்களுக்கு ஒரு செட்டில் 11 இரண்டும் 12 இல்லாமலும் வந்தது. ஒரே வாரத்தில் சொன்னதால் புதிது அனுப்பினார்கள். தையல், நிறத் துண்டோடு ஒப்பீடு, ஸ்பான்சர் பெயரின் எழுத்து ஆகியவற்றைப் பார்த்து, பிழை இருந்தால் போட்டோவோடு மின்னஞ்சல் அனுப்புங்கள்.

ஒரு ஜெர்சியை உடனே மூன்று முறை துவைத்துப் பாருங்கள். பெற்றோருக்குக் கொடுக்கும்போது ஒரு சீட்டும் சேருங்கள்: குளிர்ந்த நீர், நிழலில் உலர்த்தல், இஸ்திரி வேண்டாம், ஈரத்தோடு பையில் சுருட்டி வைக்க வேண்டாம். ஜெர்சி கிளப்புக்குச் சொந்தமா, பிள்ளைக்கா என்பதையும் அதிலேயே எழுதுங்கள். கிளப்புக்குச் சொந்தம் என்றால் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள். ஆகஸ்டில் திரும்பி வராதவை எப்போதும் 7-ம் 1-ம்தான்.

கோப்புகள், பான்டோன் எண்கள், உரிமை மாற்றுத் தாள், சைஸ் பட்டியல் எல்லாவற்றையும் கிளப்பின் மின்னஞ்சல் கணக்கில் வையுங்கள். உங்கள் சொந்தக் கணக்கில் வைத்தால், அடுத்த முறை குயின்ஸ்லாந்துக்குப் போன ஆள் என்று தேடப்படுவது நீங்களாக இருக்கும்.